நாற்பத்தொன்றாம் இடம்

பதினாலு பிரிக்ஸ் வந்தால் கையெழுத்துப் போடுவார் இஷிமாரு.
பதிமூணு புள்ளி எட்டு வந்தால்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி ஒரு சொட்டு வைக்கச் சொல்வார்.
கந்திகுப்பத்துக் கூழ் ஆலையில் எனக்கு ஆய்வகம்.
அவருக்கு வருஷத்தில் ஜூன் மட்டும் கிருஷ்ணகிரி.

அந்த ஜூனில் அவர் பையில்
உறை பிரிக்காத ஐந்து சிடிகள் இருந்தன.
அட்டையில் ஒரு பெண், முதுகு காட்டி,
ஈரத் துணி தொங்கும் கொடிக்கு அடியில்.
கயானோ நத்சுயோ, என்றார்.
மூன்றாவது ஆல்பம். பத்துப் பாட்டு.
பெயர் என்னவென்று கேட்டதற்கு
இங்கிலீஷில் தேடித் தேடி
'காய்வதற்கு முன்' என்பதுபோல ஒன்று சொன்னார்.

எதுக்கு சார் அஞ்சு?
ஐந்தில்லை, பதினொன்று வாங்கினேன் என்றார்.
முதல் வாரத்தை எண்ணுவார்களாம் அங்கே,
ஏழு நாள், கடை கடையாய்.
அதற்குள் வாங்கினால்தான் பாடுகிறவளுக்கு மரியாதை.
ஊரில் மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறார்,
தெரிந்த முகம் எதுவும் பார்த்துவிடாமல்.
வயது ஐம்பத்தாறு. பெண்டாட்டிக்குத் தெரியாது.

மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டுப் பிரதி.
நாற்பத்தொன்றாம் இடம்.
அடுத்த வாரப் பட்டியலை
மேலிருந்து கீழே படித்தேன்,
கீழிருந்து மேலேயும் படித்தேன் என்றார்.
நூறு பேர் இருந்தார்கள்.

வெளியே டோக்கன் வரிசை.
சந்தூரிலிருந்து, போச்சம்பள்ளியிலிருந்து
டிராக்டர் டிராக்டராய்ப் பெங்களூரா,
மூன்று நாள் வெயிலில் நின்று அடித்தட்டு கசிந்து.
காலையில் மண்டியில் ஆறு ரூபாய்.
மத்தியானம் நாலு.
பறிப்புக் கூலிக்கே காணாது என்று
மாதப்பன் என்பவர் பின்கதவைத் திறந்துவிட்டார்.
சர்வீஸ் ரோட்டில் ரெண்டு டன்.

இஷிமாரு ஓடிப்போய் ஒரு காயை எடுத்தார்.
காயில்லை, பழம்.
முகர்ந்தார்.
ரோட்டோரம் குந்தி, சட்டைப்பைக் கருவியில்
ஒரு சொட்டுப் பிழிந்து
வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.
பதினைந்து புள்ளி இரண்டு.
என்னிடம் காட்டினார். மாதப்பனிடம் காட்டினார்.
'அதை வெச்சிக்கினு என்ன பண்றது' என்றார் மாதப்பன்.
நான் மொழிபெயர்க்கவில்லை.

டீ குடிக்கும்போது கேட்டேன்,
விற்காத சிடியெல்லாம் என்ன ஆகும்?
கம்பெனி இருபதாயிரம் அடித்ததாம்.
இரண்டு உள்ளங்கையையும் வைத்து அரைத்துக் காட்டினார்.
கூழ்.
இங்க வித்தாதான் சார் கூழு, என்றேன்.
அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.
அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில்
பாய்லர்காரர் எட்டிப் பார்த்தார்.

எனக்கென்று ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.
ஆலையில் யாரிடமும் அதைப் போட வழியில்லை,
திம்மராயன் பிக்கப் தவிர.
முதல் பாட்டுக்கு, 'தூக்கம் வருதும்மா' என்றார்.
மூன்றாவதுக்கு ஒன்றும் சொல்லவில்லை.
ஐந்தாவது ஓடும்போது
வண்டியை நிறுத்தி பீடி பற்றவைத்தார்.
ஆறாவதில், ஒரு சொல்லுக்கு நடுவே,
தூசியில் சிக்கிக்கொள்ளும்: நே, நே, நே.
டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டினால் நகரும்.
என்ன சொல் என்று எனக்குத் தெரியாது.
திம்மராயனுக்குத் தெரியுமாம்.
'வேணாம்னு சொல்லுது' என்கிறார்.

சீசன் முடிந்து ஆலையைக் கழுவிப் பூட்டினோம்.
இருநூற்றுப் பதினைந்து கிலோ டிரம்கள்
துறைமுகம் போய்ச் சேர்ந்தன.
அடுத்த ஜூனில் வந்தவர் வேறொருவர், சின்னப் பையன்.
இஷிமாரு ஓய்வு பெற்றுவிட்டாராம்.
கயானோ நத்சுயோ, என்றேன்.
அவன் மரியாதையாக
விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினான்.

மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டில் ஒன்று
இன்று காலை பர்கூர் பிரிவில்
காலிக் கிரேட்டுகளோடு திரும்பிக்கொண்டிருந்தது.
ஜன்னல் இறங்கியிருந்தது.
நே, நே,
அப்புறம் திம்மராயனின் கை.